நாடகம் கேட்ட இரவுகள்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதனைச் சற்றுப் பிரித்து நோக்கினால், பொழுதைப் போகச் செய்வது என்பதே அதன் பொருள் என்பது விளங்கும். பொழுதோ, நாம் விரட்டினாலும் விரட்டாவிட்டாலும் போய்க்கொண்டே இருப்பது. அதனைப் போக்குவதற்குத் தனியே ஒரு முயற்சி எதற்கு? என் தந்தையார் இச்சொல்லை ஒருநாளும் வழங்கியதில்லை. குழித்தறியில் அமர்ந்து விடியல்முதல் விளக்கு வைக்கும்வரை நாடா ஓட்டியவருக்குப் பொழுது போதவில்லை என்பதே குறையாக இருந்தது. ஆண்டில் ஓரிரு முறை அவர் தறியை முன்னதாகவே நிறுத்திக் குளித்து, வெளுத்த துண்டு ஒன்றைத் தோளில் இட்டுக்கொண்டு புறப்படுவார். எங்கே என்று வினவினால், "நாடகம் கேட்கப் போகிறேன்" என்பார். பார்க்க என்று சொல்லமாட்டார். கேட்க என்றே சொல்வார்.

அந்த ஒரு சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

எங்கள் சிற்றூர் காந்திகிராமத்தை அடுத்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் பெருவழியில், சிறுமலைத் தொடரின் அடியில், அம்பாத்துரை இரயில் நிலையத்துக்கும் சின்னாளபட்டிக்கும் அண்மையில் உள்ளது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் 1947-ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தனர். 1956-இல் அங்குக் கிராமியக் கல்வி நிறுவனம் எழுந்தது. 1976-இல் அது பல்கலைக்கழக நிலை பெற்றது. கையும் கருத்தும் ஒருங்கே பயில வேண்டும், தொழிலே கல்விக்கு வாயிலாதல் வேண்டும் என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துரைத்த ஆதாரக் கல்வி நெறியே அவ்விடத்தின் அடித்தளம். சாலையின் ஒருபுறம் அந்நெறியைப் பற்றி அறிஞர்கள் உரையாற்றினர். மறுபுறம், அதன் பெயரையே கேட்டறியாத எங்கள் வீட்டில், அது தானாகவே நடந்துகொண்டிருந்தது. இதனை நான் சற்றும் மிகைப்படுத்திக் கூறவில்லை.

சின்னாளபட்டி சேலைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். சுற்றுவட்டாரத்து நெசவாளர் பலரைப்போல என் தந்தையாரும் அவ்வூரிலிருந்து பாவும் ஊடைநூலும் பெற்றுவந்து, நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். வீட்டின் முன்னறை முழுவதும் தறியே. அதன் ஓரத்தில் அம்மா இராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுவார். தார் என்பது நாடாவினுள் வைக்கும் சிறு நூற்கட்டை. ஒன்று தீர்ந்தால் மற்றொன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் தறி நின்றுவிடும். ஆகவே தறியும் இராட்டையும் ஒன்றையொன்று பார்த்தபடியே நாள் முழுவதும் இயங்கும். என் தந்தையார் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அம்மா பள்ளியின் நிழலிலும் ஒதுங்காதவர்.

நான் முதன்முதலாக நாடகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டது 1968-ஆம் ஆண்டில். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர்க் காளியம்மன் திருவிழாவின் மூன்றாம் இரவு. 'வள்ளி திருமணம்' என்று நோட்டீசு ஒட்டியிருந்தார்கள். அந்தி சாயும் முன்பே சிறுவர்கள் நாங்கள் பாய்களைக் கொண்டுபோய்த் திடலில் விரித்து இடம் பிடித்தோம். கடலை வறுப்பவரும் சுக்குக் காப்பி விற்பவரும் ஒரு பக்கம், பலூன்காரர் மறுபக்கம். இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் ஒலித்தது. முதலில் பபூன் வந்தார். அவரோடு நடனமாடும் பெண் ஒருத்தி வந்தாள். அவர்கள் பேசிய பேச்சில் பெரும்பகுதி இங்கு எழுதத் தக்கதன்று. எனக்கு அது விளங்கவுமில்லை. எல்லாரும் சிரித்ததனால் நானும் சிரித்தேன். நள்ளிரவுக்குப் பின் முருகன் வந்தார், வள்ளி வந்தாள். நான் உறங்கிவிட்டேன்.

தந்தையார் என்னை உலுக்கி எழுப்பியபோது மணி இரண்டு இருக்கும். "தம்பி, எழுந்திரு. இனித்தான் நாடகம்" என்றார். மேடையில் தம்பூராவுடன் நாரதர் நின்றார். எதிரே தினைப்புனம் காக்கும் வள்ளி நின்றாள். நாரதர் ஒரு வினாத் தொடுத்தார். வள்ளி விடை கூறினாள். அவ்விடையிலிருந்தே நாரதர் அடுத்த வினாவை எடுத்தார். இடையிடையே விருத்தங்கள். சிறுமலையிலிருந்து இறங்கிய காற்றில் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்தியபடி ஊரே அசையாதிருந்தது. கடலைக்காரர்கூட வறுப்பதை நிறுத்திவிட்டார். முதியோர், "அப்படிக் கேள்!" என்று நாரதருக்குக் குரல் கொடுத்தனர். பெண்கள் இருந்த பக்கத்தில் வள்ளியின் ஒவ்வொரு விடைக்கும் ஒரு மெல்லிய ஆரவாரம் எழுந்தது. ஒன்றரை மணி நேரம் இவ்வாதம் நடந்தது. முருகன் வேடனாக வந்ததும், கிழவனாகித் தேனும் தினைமாவும் இரந்ததும், யானை வந்து வள்ளியை அச்சுறுத்தியதும், கிழக்கு வெளுக்கும் வேளையில் திருமணம் நிகழ்ந்ததும் அதன் பின்னரே.

இந்நாடக முறையைப் பற்றிச் சில செய்திகளை நீங்கள் அறிந்துகொள்வது நலம். இதற்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதனை நடிப்போர் ஒரே குழுவினர் அல்லர். ராஜபார்ட் நடிகர் ஓர் ஊரினர். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரினர். ஆர்மோனியம் வாசிப்பவர் வேறோர் ஊரினர். அனைவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, அன்று மாலை வந்து கூடி, ஒத்திகை ஒன்றுமின்றி, அன்று இரவே விடியும்வரை நடிப்பர். இஃது எவ்வாறு இயலும்? எல்லாரும் ஒரே பாடத்தை நெட்டுருச் செய்திருப்பதனால் இயலும். அப்பாடத்தைச் செப்பம் செய்து தந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். நடிகர்கள் வாய்க்கு வந்தவாறு பேசிவந்த மேடையில், யாப்பு வழுவாத பாடல்களையும் அளவான உரையாடலையும் நிலைநிறுத்தினார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய பாலர் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றனர். 1922-இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அவருடைய பாடல்கள் மாறாதவை. ஆனால் நாரதரும் வள்ளியும் தொடுக்கும் வாதம் ஒருவர் எழுதிவைத்ததன்று. அஃது அவரவர் கல்விக்கும் கூர்மைக்கும் ஏற்ப அன்றன்று விளைவது. எனவேதான் நூறுமுறை கேட்டவரும் நூற்றோராம் முறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு வந்தனர்.

இம்மேடை நாட்டு விடுதலைக்கும் உழைத்தது. சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாஸ், முருகனாக வேடம் புனைந்து மேடையேறினால், கதையோடு நாட்டுப்பற்றுப் பாடல்களையும் கலந்து பாடுவார். ஆங்கில அரசு அவரைப் பலமுறை சிறையிட்டது. நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு இணைந்து நடிக்க மறுத்தவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று சென்னையில், இதே வள்ளி திருமண நாடகத்தில், மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவர் பெயரைக் கூறும்போதெல்லாம் என் தந்தையார் தறியினின்று கால்களை எடுத்துவிடுவார். அவரைத் தந்தையார் நேரில் கண்டதில்லை. தம் தந்தை சொல்லக் கேட்டவர்.

இனி நாடகத்துக்கு மறுநாளைப் பற்றிக் கூறவேண்டும். என் கருத்தில் அதுவே முதன்மையானது.

விடிய விடிய விழித்த களைப்போடு தந்தையார் தறியில் அமர்வார். அம்மாவும் பெண்கள் பக்கத்திலிருந்து நாடகம் கேட்டவர்தாம். இராட்டையைச் சுற்றத் தொடங்குவார். சிறிது நேரம் இரண்டின் ஒலியும் மட்டுமே கேட்கும். பின்னர்த் தந்தையார் நாரதர் குரலில், "வள்ளீ! பசியோடு வரும் கிளிகளைக் கவண்கல் எறிந்து ஓட்டுகிறாயே, பசித்த உயிரை ஓட்டுவது அறமாகுமா?" என்று கேட்பார். இவ்வினா முந்திய இரவில் கேட்டதன்று, அவரே கட்டியது. அம்மா இராட்டையை நிறுத்தாமலே, "பசித்த கிளி ஒரு கதிரில் அமர்ந்து உண்ணும், சுவாமி. பத்துக் கதிரைக் கொத்திக் கீழே தள்ளும் கிளியைத்தான் நான் ஓட்டுகிறேன்" என்பார். "இந்தக் கிளி எவ்வகையது என்பதைத் தொலைவிலிருந்தே எவ்வாறு அறிவாய்?" என்று தந்தையார் மடக்குவார். "தார் தீர்ந்துபோனதைத் தறியில் இருப்பவர் எவ்வாறு அறிகிறாரோ, அவ்வாறே" என்று அம்மா விடை கூறுவார். தந்தையார் திடுக்கிட்டு நாடாவை எடுத்து நோக்குவார். உண்மையிலேயே தார் தீர்ந்திருக்கும். அதன் பிறகு அவர் சிரிக்கும் சிரிப்பைத் தெரு முழுவதும் கேட்கலாம்.

ஒரு நாடகம் எங்கள் வீட்டில் ஆறு மாதம் நடந்தது. சேலை அறுத்துக் கொடுக்கும் நாளிலும் கூலி குறைந்த நாளிலும் நடந்தது. அடுப்பில் அரிசி இல்லாத நாளில்கூட ஒருமுறை நடந்ததாக நினைவு. அன்று வள்ளியின் விடைகள் சற்றுக் காரமாக இருந்தன.

'அறமாகுமா' என்பதும், 'எவ்வாறு அறிவாய்' என்பதும் எங்கள் தெருவில் வழங்கிய பேச்சுத் தமிழ் அல்ல. கூலி கேட்கவும் குழம்புக்குப் புளி கடன் வாங்கவும் அவர்களுக்கு வேறு தமிழ் இருந்தது. ஆயினும் செந்தமிழ் என்று நாம் போற்றும் மொழியை, எழுத்தறியாத இருவர் தமக்குரிய உடைமைபோல எடுத்து, விரும்பியவாறு வளைத்து, வேலைக்கிடையே வைத்து ஆண்டார்கள். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களின் பின் கேள்வி என்று ஓர் அதிகாரம் வகுத்ததன் நோக்கம் எனக்குப் புலவர் வகுப்பில் உரையோடு கற்பிக்கப்பட்டது. அதன் காட்சியை நான் முன்னரே வீட்டில் கண்டிருந்தேன். கண்டும் அறிந்திலேன்.

அறியாமை மட்டுமன்று, அதனினும் கீழான ஒன்றையும் செய்தேன். அதனை மறைப்பது முறையன்று.

1979-இல் நான் தமிழ்க் கல்லூரி ஒன்றில் புலவர் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்தேன். நன்னூல் முழுவதும் எனக்கு மனப்பாடம். கந்தபுராணத்தின் நிறைவில் வரும் வள்ளியம்மை திருமணப் படலத்தை அவ்வாண்டுதான் பாடம் கேட்டிருந்தேன். விடுமுறைக்கு ஊர் வந்தபோது திருவிழா நடந்தது. தந்தையார் வழக்கம்போல் அழைத்தார், சென்றேன். நாரதராக வந்தவர் அகவை முதிர்ந்தவர். முன்பற்கள் இரண்டு இல்லை. அவர் நாவில் ழகரம் ளகரமாக ஒலித்தது. ஒரு விருத்தத்தில் சீர் பிரிக்கும் இடம் தவறியது. நான் தந்தையாரின் காதில், "இது பிழை" என்றேன். அவர் தலையசைத்தார். சிறிது நேரத்தில், "இதுவும் பிழை, நூலில் இவ்வாறு இல்லை" என்றேன். மூன்றாம் முறையும் நான் வாய் திறந்தபோது அவர் மேடையை விட்டுக் கண்ணெடுக்காமல், "தம்பி, இப்போது வள்ளி என்ன விடை சொன்னாள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

அவர் வேறொன்றும் கூறினாரல்லர். விடிந்ததும் இருவரும் பேசாமல் வீடு திரும்பினோம். அடுத்த ஆண்டும் நான் ஊரில் இருந்தேன், திருவிழா வந்தது. அவர் துண்டை இட்டுக்கொண்டு தனியே புறப்பட்டார். என்னை அழைக்கவில்லை. அதன் பின் ஒருபோதும் அழைக்கவில்லை. சினத்தால் அன்று, எனக்கு அதில் விருப்பமில்லை என்று எண்ணிவிட்டார். இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்குப் பதினைந்து ஆண்டு காலம் இருந்தது, சொல்லவில்லை. 1994-இல் அவர் காலமானார்.

இம்மேடையைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறைகளிற் சில உண்மையே. பபூன் பேச்சின் கொச்சையை முன்பே குறித்தேன். அதனினும் பெருங்குறை ஒன்று ஊராரிடத்தே இருந்தது. இரவெல்லாம் வள்ளியின் அறிவைக் கேட்டு ஆரவாரித்த அதே ஊரார், காலையில் அவ்வேடம் புனைந்த பெண் பேருந்துக்காக நிற்கும்போது அவளைப் பற்றி இழிவாகப் பேசினர். இதனை என் காதால் கேட்டிருக்கிறேன். அத்தனை நூல்களைக் கற்று, அத்தனை வினாக்களுக்கு விடை தந்த ஒருத்திக்கு அவ்வூரில் ஒரு செம்பு தண்ணீர் மதிப்போடு கிடைத்ததா என்பது ஐயமே. பழமை என்பதனாலேயே எல்லாம் நன்று என்று நான் வாதிட வரவில்லை.

1980-களின் பிற்பகுதியில், கொடைக்கானல் மலையில் ஒளிபரப்பு நிலையம் அமைந்தபின், எங்கள் பகுதியிலும் தொலைக்காட்சி பரவியது. ஆசிரியப் பணியில் சேர்ந்து பொருளீட்டத் தொடங்கியிருந்த நானே ஒரு பெட்டியை வாங்கி வந்து, தந்தையாரின் தறிக்கு எதிரே வைத்தேன். அவர் மகிழ்ந்தார் என்பதை மறுக்கமாட்டேன். நல்ல நிகழ்ச்சிகளும் அதில் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மறுநாள் தறியில் அதைப் பற்றிய பேச்சு எழவில்லை. அவரும் பார்த்தார், அம்மாவும் பார்த்தார், இருவரும் ஒரே திசையில் பார்த்தனர். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

ஒரு பொழுதுபோக்கு நல்லதா, அல்லதா என்பதை, அது எத்துணை இனிமையாக இருந்தது என்பதைக் கொண்டு நான் அளப்பதில்லை. மறுநாள் வேலைக்கிடையே அதிலிருந்து ஏதேனும் ஒரு வினா எழுகிறதா, அவ்வினாவுக்கு விடை கூற வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைக் கொண்டே அளக்கிறேன். முதலாவது நாடகத்தைப் பொறுத்தது. இரண்டாவது நம்மைப் பொறுத்தது. இன்று வள்ளி திருமண நாடகங்கள் முழு இரவும் பதிவு செய்யப்பெற்று யூடியூபில் கிடைக்கின்றன. பாய் சுமக்க வேண்டியதில்லை. பனியில் நடுங்க வேண்டியதில்லை. நள்ளிரவுவரை விழிக்க வேண்டியதும் இல்லை. வாதம் நிகழும் இடத்தை விரலால் தொட்டு அடையலாம். இதனை நான் பெரும்பேறாகவே கருதுகிறேன். என் தந்தையார் இருந்திருந்தால் கைப்பேசியைக் கீழே வைத்திருக்கமாட்டார். எனக்குள்ள தடை ஒன்றே ஒன்று. அது காதுக்குள் செருகும் அச்சிறு கருவி. அதனைச் செருகிய பின் கேட்பவர் ஒருவர். மற்றவர்க்கு அங்கே என்ன நடக்கிறது என்பதே தெரியாது. வினா ஒருவர் காதுக்குள்ளேயே எழுந்து அங்கேயே அடங்கிவிடும்.

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் வந்திருந்தான். அவன் ஏழாம் வகுப்பு மாணவன். எங்கள் வீட்டில் இப்போது தறி இல்லை. குழியை மூடித் தளம் போட்டு ஆண்டுகள் பல ஆயின. அவ்விடத்தில் ஒரு கட்டில் கிடக்கிறது. அம்மா பெரும்பாலும் அதில்தான் படுத்திருப்பார். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பார்வை குன்றியது, செவி நன்றாக உள்ளது. பேரன் கைப்பேசியில் எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அதனைப் பெற்று, நான் ஒரு வள்ளி திருமணத்தைத் தேடி எடுத்து, வாதம் தொடங்கும் இடத்தில் வைத்தேன். ஒலி போதவில்லை. அம்மா, "அந்தப் பித்தளைச் செம்புக்குள்ளே வை" என்றார். வைத்தோம். செம்பு முழுவதும் ஆர்மோனியம் நிரம்பியது.

நாரதர் வினாத் தொடுத்தார். மேடையில் இருந்த வள்ளி வாய் திறப்பதற்கு முன்பே, கட்டிலில் இருந்தபடி அம்மா விடை கூறினார். பேரன் வியந்து திரும்பிப் பார்த்தான். அடுத்த வினாவுக்கும் அவ்வாறே. மூன்றாவதற்கு அவர் விடை கூறவில்லை; "இந்த நாரதர் ஏதோ வேகமாகப் போகிறார். நிறுத்து" என்றார். நிறுத்தினேன். சற்று நேரம் அமைதி நிலவியது. "உனக்கு நாரதர் வருமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நின்று பேசியவன் நான். எனினும் எனக்குக் குரல் எழவில்லை. இறுதியில், வேறொன்றும் தோன்றாமையால், "வள்ளீ! பசியோடு வரும் கிளிகளை ஓட்டுகிறாயே, அஃது அறமாகுமா?" என்று கேட்டேன்.

அம்மா நெடுநேரம் சிந்தித்தார். தந்தையாருக்கு அளித்த அந்தப் பழைய விடையைக் கூறுவார் என்று எதிர்பார்த்தேன். "வந்தால் அல்லவா ஓட்டுவதற்கு?" என்றார்.

பேரன் கட்டிலின் ஓரத்தில் வந்து அமர்ந்தான். "எந்தக் கிளி, அப்பத்தா?" என்று கேட்டான்.